அண்ணன் அன்று காலை சாப்பிட்டிருந்தான்

என் அண்ணன் பட்டினியால் சாகவில்லை. குடித்தும் சாகவில்லை. இந்த இரண்டு வரியை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. எழுதினால் மட்டும் யார் நம்பப் போகிறார்கள் என்ற கோபத்திலேயே பாதிக் காலம் போய்விட்டது.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வேலை பார்த்தேன். கல்யாணமாகிச் செவிலிமேட்டுக்குப் போயிருந்தேன்; அங்கிருந்து டவுன் பஸ்ஸில் வந்து போவேன். பூத்தில் ஃபேக்ஸ் மிஷினும் இருந்ததால் ஊரில் இருந்த நிருபர்கள் அங்கேதான் வருவார்கள். அவர்கள் கையால் எழுதிய தாளை மிஷினில் விட்டு மெட்ராஸுக்கு அனுப்புவது என் வேலை. அனுப்பும்போது கண் தானாக எழுத்தின்மேல் ஓடும். மறுநாள் ஊர் படிக்கப் போவதை முதல் நாளே படித்துவிடுகிற பெருமை எனக்குக் கொஞ்சம் உண்டு.

அவர்களில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவர் ஒரு தினசரியின் பகுதி நேர நிருபர். பழைய மொபெட்டில் வருவார். சிரிக்க மாட்டார். மிஷின் கொஞ்சம் மக்கர் பண்ணினால் என்னவோ நான்தான் அதைச் செய்து வைத்தவள் மாதிரி என்னை முறைப்பார். செய்தியை மேஜையில் வைத்த பிறகும் அனுப்ப விடமாட்டார். "இரும்மா, ஒரு போன் போட்டுக்கறேன்" என்று பூத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கண்ணாடியைத் தாண்டி அவர் குரல் கேட்கும். "லாரி கவுந்தத நீங்க பாத்தீங்களா, இல்ல யாராவது சொன்னாங்களா?" ஓரிக்கைப் பக்கம் மணல் லாரி கவிழ்ந்தாலும் சரி, கோயில் யானைக்குக் காய்ச்சல் என்றாலும் சரி, இதே கேள்விதான். என்னோடு வேலை பார்த்த பெண்ணும் நானும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். டீ வந்துதா என்று அவள் கேட்டால், நீ பார்த்தியா, யாராவது சொன்னாங்களா என்பேன் நான்.

இன்னொருவர் அப்போது எதிர்க்கட்சியாக இருந்த ஒரு கட்சியின் பத்திரிகைக்கு எழுதுகிறவர். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டுக்குள்ளிருந்து தெரிகிற தலைவர் படம், வாய் நிறையச் சிரிப்பு. எங்களைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். மிக்சர் பொட்டலம் வாங்கி வருவார், என் மாமியார் உடம்பு எப்படி இருக்கிறது என்று மறக்காமல் விசாரிப்பார். ஒரே ஒரு விசேஷம் அவரிடம். சாயங்காலம் நடக்கப்போகிற பொதுக்கூட்டத்தின் செய்தியைக் காலையிலேயே கொண்டுவந்து கொடுத்துவிடுவார். மக்கள் வெள்ளம் திரண்டது, கரவொலி விண்ணைப் பிளந்தது எல்லாம் அதில் இருக்கும். ஒருமுறை தாமலில் கூட்டம் என்று அனுப்பினார். மத்தியானம் பிடித்த மழை விடவே இல்லை, கூட்டமும் நடக்கவில்லை. அந்த ஏரிக்கரையில் நாலு மாடு நனைந்துகொண்டு நின்றிருந்தால் அதிகம். மறுநாள் பேப்பரில் மக்கள் வெள்ளம் அப்படியே வந்தது. "இன்னாண்ணா இது" என்று கேட்டேன். "மழ வராம இருந்தா வந்திருப்பாங்கல்ல தங்கச்சி?" என்றார். வயிறு வலிக்கச் சிரித்தோம். அன்றைக்கு அது எனக்கு வெறும் வேடிக்கையாகத்தான் இருந்தது.

அண்ணன் வீடு நெசவாளர் தெருவில். வீட்டுக்குள்ளேயே குழித்தறி. தரையில் தோண்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்வான். அண்ணனுக்குச் சாப்பாட்டின்மேல் ஆசை அதிகம். தறியில் உட்கார்ந்துகொண்டே அடுப்படியைப் பார்த்து, இன்னிக்கு இன்னா, இன்னிக்கு இன்னா என்று கேட்டபடி இருப்பான். அமாவாசை நெசவாளர்களுக்கு லீவு. அன்று மட்டும் கூட்டாளிகளோடு போய்க் கொஞ்சம் குடித்துவிட்டு வருவான். வந்ததும் அண்ணி பேச மாட்டாள். இவன் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு அண்ணி காதில் விழும்படி அதனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பான். அந்த மழைக்காலத்தில் அவன் தறியில் ஒரு முகூர்த்தப் புடவை பாதியில் இருந்தது. அரக்குக் கலர், பெரிய பார்டர்.

அந்தத் தெருவில் யாரோ எதற்கோ பள்ளம் தோண்டி, மூடியும் மூடாமலும் விட்டுப் போயிருந்தார்கள். குழாய்த் தண்ணீரில் ஒரு வாடை வந்துகொண்டிருந்தது. அண்ணி வடிகட்டித்தான் வைப்பாள். வடிகட்டினால் தூசி போகும், வேறு என்ன போகும்? ஒருநாள் மத்தியானம் தறியிலிருந்து எழுந்து ஓடிய அண்ணனுக்கு வாந்தியும் பேதியும் நிற்கவே இல்லை. மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நான் போய்ப் பார்த்தபோது அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், வயிறு முதுகோடு சேர்ந்திருந்தது. உடம்பிலிருந்த தண்ணீரெல்லாம் போய்விட்டால் மனிதன் அப்படித்தான் ஆகிவிடுவானாம். என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். நாக்கு வறண்டிருந்தது. அன்று சாயங்காலமே போய்விட்டான்.

வீட்டுக்குக் கொண்டு வந்ததும் எங்கள் பெரியப்பா செய்த முதல் காரியம், ஒரு வெள்ளை வேட்டியை எடுத்துத் தறியை மூடியது. காரணம் எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. சாவு வீட்டுத் தறியில் பாதியில் நின்ற முகூர்த்தப் புடவையை எந்தப் பெண் வீட்டாரும் தொட மாட்டார்கள். அது வெளியே தெரியக் கூடாது. புடவையைக் கொடுத்திருந்த முதலாளியும் காதும் காதும் வைத்த மாதிரி, யாராவது முடித்துக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அடுப்பையும் அணைத்தார்கள். பிணம் இருக்கும் வீட்டில் அடுப்பு எரியாது, சாப்பாடு பங்காளி வீட்டிலிருந்துதான் வரும். இது எங்கள் தெருவில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம்.

கட்சிப் பேப்பர்காரர் ஜீப்பில் வந்தார், ஒரு போட்டோகிராபரோடு. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு ஓடிவந்து பெரியப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதார். நிஜமாகவே அழுதார், கண்ணீர் வந்தது. அண்ணனின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். என்னைப் பார்த்து, "உன் அண்ணன்னு தெரியாதே தங்கச்சி" என்றார். ஒரு அரிசி மூட்டையைக் கூடத்தில் இறக்கி வைத்தார்கள். அண்ணனின் படம் வேண்டும் என்று கேட்டபோது பெரியப்பா சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவையே கழற்றிக் கொடுத்தார். அண்ணன் எடுத்துக்கொண்ட ஒரே படம் அது. போட்டோகிராபர் அணைந்த அடுப்பை ஒரு படம் எடுத்தார், மூடிய தறியை ஒரு படம் எடுத்தார். அவர்கள் எங்களிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. துக்க வீட்டில் எதுவும் கேட்காமல் போகிறார்களே, பெரிய மனசு என்று தெருவே பேசியது.

அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் அந்தத் தினசரி நிருபர் மொபெட்டில் வந்தார். ஓரமாக நின்று கும்பிட்டார். அழவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பெரியப்பாவிடம் போய் மெதுவாக ஆரம்பித்தார்.

"எப்பலேர்ந்துங்க ஒடம்பு சரியில்ல? அன்னைக்குக் காலைல என்ன சாப்ட்டாரு?"

"இப்ப அதுக்கு இன்னா?"

"எந்தக் குழாயில தண்ணி புடிக்கிறீங்க? தெருவுல வேற யாருக்காவது இந்த மாதிரி ஆச்சா?" பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "குடிப்பாருங்களா?" என்று கேட்டார் அவர். பெரியப்பாவின் முகம் மாறிவிட்டது. அதையும் பார்த்துக்கொண்டே அந்த மனிதர் அடுத்ததைக் கேட்டார். "தறிய எதுக்குங்க மூடி வெச்சிருக்கீங்க? ஏதாவது ஓடிக்கிட்டு இருந்துதா?"

அவ்வளவுதான். மறைத்து வைத்த இடத்திலேயே வந்து கையை வைக்கிறானே என்று பெரியப்பாவுக்குப் பதறிவிட்டது. "சாவு ஊட்ல வந்து குடிச்சானா தின்னானான்னு கேக்கறியே, நீயெல்லாம் மனுசனாய்யா? போய்யா வெளிய!" என்று கத்தினார். இரண்டு பேர் அவரைக் கையைப் பிடித்து வாசல் வரை கொண்டு விட்டார்கள். நான் ஓடிப் போய், "பெரியப்பா, அவரு நல்ல மாதிரி, எனக்குத் தெரியும்" என்றேன். "நீ சும்மா இரும்மா. கூட நின்னு அழுதான் பாரு, அவன் நல்ல மாதிரி" என்றார். நிருபர் மொபெட்டை உதைத்துக்கொண்டிருந்தார். அது கிளம்ப ரொம்ப நேரம் பிடித்தது, தெரு பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் கட்சிப் பேப்பரில் முதல் பக்கம். பசியால் மாண்டார் பட்டு நெசவாளி. அணைந்த அடுப்பு, அதன் கீழே, பல நாளாக எரியாத அடுப்பு. மூடிய தறி, அதன் கீழே, வேலையின்றி முடங்கிய தறி. அடுப்பு எரிந்து நாளாச்சே என்று மனைவி கதறினாராம். அண்ணி அன்று யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. உள்ளறையில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கடைகளில் தொங்குகிற தலைப்புத் தாளில் எங்கள் தெருவின் பேரோடு அது தொங்கியது. அதற்கு மறுநாள் ஆளுங்கட்சிப் பேப்பர் விழித்துக்கொண்டது. அவர்கள் எங்கள் வீட்டுக்கு வரும் சிரமம்கூடப் படவில்லை. குடிபோதைக்கு அடிமையானவர், வீட்டில் ஓயாத சண்டை, பட்டினி என்பது எதிர்க்கட்சியின் கட்டுக்கதை என்று எழுதிவிட்டார்கள். ஒரு கட்சிக்கு என் அண்ணன் பட்டினி கிடந்தாக வேண்டும். இன்னொரு கட்சிக்கு அவன் குடித்தாக வேண்டும். அவன் எதனால் செத்தான் என்று தெரிந்துகொள்ள வேண்டிய தேவை இரண்டு பேருக்குமே இல்லை.

நெசவாளிக்குக் கஷ்டமே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் காலத்தில் எத்தனையோ வீட்டில் தறி நின்றிருந்தது, அடுப்பும் நின்றிருந்தது. பசித்தவர்களின் கதையை எழுத வேண்டுமென்றால் பசித்தவர்களின் வீட்டுக்குப் போயிருக்கலாம். இப்படிச் சொன்னாலாவது நம்மைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று தெருவில் சிலர் சமாதானம் சொன்னார்கள். அதில் நியாயம் இருப்பதுபோலக்கூட எனக்குப் பட்டது, அண்ணியைப் பார்க்கும்வரை.

யாரோ அவளிடம் பேப்பரைப் படித்துக் காட்டியிருந்தார்கள். நான் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கூட்ல அடுப்பு எரியலன்னு நான் எப்பம்மா சொன்னேன்? நான் சோறு போடலன்னு ஊரே படிக்குதே. என் கையால தின்னவர நானே பட்டினி போட்டுக் கொன்ன மாதிரி எழுதிட்டான் பாரு." குடிகாரன் என்று எழுதியதைக்கூட அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பட்டினி என்ற சொல்தான் அவளைத் தின்றது. புருஷன் போன துக்கத்தை முழுசாக அழக்கூட விடாமல் அதுவே வந்து குறுக்கே உட்கார்ந்துகொண்டது.

கருமாதி முடிந்ததும் அவள் முதல் தடவையாக வெளியே வந்தது எங்கள் பூத்துக்குத்தான். பெரியப்பாவுக்குத் தெரியாது. நிருபர் வந்தார். துரத்தப்பட்டதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, ஸ்டூலை இழுத்து அண்ணிக்குப் போட்டார். அவள் உட்காராமல் நின்றபடியே, "அவரு பட்டினியா சாவலிங்க. அத்த மட்டும் போடுங்க" என்றாள். அவர் அதே கேள்விகளைத் திரும்பவும் கேட்டார், அதே வறண்ட குரலில்.

"குடிப்பாரா?"

"அமாவாசைக்குக் கொஞ்சம். மத்த நாள்ல தொட மாட்டாரு."

"தறியில வேலை இருந்துதா?"

அண்ணி என்னைப் பார்த்தாள். பிறகு புடவையைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிவிட்டு, "கல்யாணப் பொண்ணுக்குத் தெரிஞ்சா வேணாம்னுடுவாங்க. எழுதிடாதீங்கய்யா" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். "புடவையப் பத்தி எழுதல. ஆனா வேலை இருந்துச்சுன்னு நீங்க சொன்னீங்கன்னுதான் போட முடியும். நான் பாத்தேன்னு போட முடியாது. நான் பாக்கலம்மா" என்றார். நாங்கள் கேலி செய்து சிரித்த அதே பேச்சுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவர் தெருவில் வீடு வீடாகப் போனார். ஆஸ்பத்திரிக்குப் போனார். இரண்டு கட்சிக்காரர்களிடமும் போய்க் கேட்டார். பெரியப்பா மறுபடியும் கதவைச் சாத்தினார். தோண்டிய பள்ளத்தில் சாக்கடை நிற்பதையும், அதற்குள் குழாய் விரிசல் விட்டிருப்பதையும், தெருவில் இன்னும் பல வீடுகளில் வாந்திபேதி வந்து போனதையும் எழுதினார். செய்தி உள்பக்கத்தில் வந்தது. படம் கிடையாது, தலைப்பும் பெரிதில்லை. அதன் நடுவில் ஒரு வரி இருந்தது: அன்று காலை வீட்டில் வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டுத் தறியில் உட்கார்ந்தார் என்று அவருடைய மனைவி தெரிவித்தார். அண்ணி எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அந்த வரியின்மேல் விரலை வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தாள். குழாயைச் சரி செய்துவிட்டார்கள். தெருவில் அதற்குப் பிறகு அப்படி யாரும் சாகவில்லை.

ஆனால் அண்ணனின் வயதை அதில் ஒன்று கூட்டிப் போட்டிருந்தார்கள். நான் சும்மா பேச்சுவாக்கில்தான் சொன்னேன். அவர் அன்றே ஃபேக்ஸ் அனுப்பினார், மறுநாள் வயது தவறாக வந்துவிட்டது, வருந்துகிறோம் என்று பேப்பரின் மூலையில் வந்தது. அண்ணி அதைப் பார்த்துவிட்டு, "வயசத் தப்பா போட்டதுக்கு இவரு வருத்தப்படறாரு. சாவையே தப்பா போட்டவன் மிக்சர் வாங்கிக்கினு உன் கடைக்கு வரான்" என்றாள். அவர் வரத்தான் செய்தார். அதே சிரிப்பு, அதே தங்கச்சி. கல்யாணப் போட்டோவைத் திருப்பிக் கேட்டேன். "கட்சி ஆபீஸ்ல பத்திரமா கீது தங்கச்சி, வந்துடும்" என்றார். கேட்கும்போதெல்லாம் அப்படித்தான் சொன்னார்.

அந்த அரக்குப் புடவையை அண்ணிதான் முடித்தாள். அவன் குழியில் காலை விட்டு, அவன் விட்ட இடத்திலிருந்து. அண்ணனுக்கு அழுத்தி அடிக்கிற கை, இவளுக்கு மெல்லிய கை. முடித்த பிறகு எந்த இடத்தில் அவன் நிறுத்தினான் என்று தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. எந்தப் பெண் அதைக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தாளோ, நன்றாக இருக்கட்டும்.

ஊர் அந்த உள்பக்கச் செய்தியை எப்போதோ மறந்துவிட்டது. ஊர்ச் சுவர்களில் நிலைத்தது கட்சிப் பேப்பர் சொன்ன கதைதான். ஆட்சி மாறி அந்தக் கட்சி பதவிக்கு வந்தபோது என் அண்ணனின் பசி அப்படியே அடங்கிவிட்டது. அவனைப் பற்றி யாரும் பேசவில்லை. மறுபடி எதிர்க்கட்சியானதும் அவனுக்குப் பசிக்கத் தொடங்கியது. தேர்தல் வந்தால் பெரிய பெரிய பிளக்ஸ் போர்டுகளில் தலைவருக்குப் பக்கத்தில் அண்ணன் இருப்பான். கல்யாணப் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்த முகம். அண்ணியை வெட்டிவிட்டார்கள். சரியாக வெட்டத் தெரியவில்லை போலிருக்கிறது. அவன் தோளுக்குப் பக்கத்தில் அவள் மாலையின் ஓரம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

நான் அந்த போர்டுகளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவேன். அண்ணியால் அது முடியவில்லை. அவன் முகம் வேறு எங்கேயும் அவளிடம் இல்லை. தேர்தல் அறிவித்துவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் அவள் முகத்தில் ஒரு மாற்றம் வரும். அதைப் பார்க்க எனக்கு நெஞ்சு தாங்காது. அந்தப் பாவிகள் தயவில்தான் அவள் தன் புருஷனைப் பார்க்க வேண்டியிருந்தது.

கடைசியாக நாங்கள் சேர்ந்து பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. தெருமுனையில் இடுப்பளவு உயரத்திலிருந்து போர்டை நிறுத்தி வைத்திருந்தார்கள்; மேலே அண்ணன் முகம், கீழே எழுத்து. அண்ணி தன் பெண்ணை அழைத்து வந்திருந்தாள். அப்பா செத்தபோது மடியில் கிடந்த குழந்தை, இப்போது பள்ளிக்கூடத்தில் தமிழில் முதல் மார்க் வாங்குகிறவள். அப்பாவைக் காட்டத்தான் அழைத்து வந்தாள். ஆனால் பெண் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் எழுத்தைப் படித்துவிட்டாள், பள்ளிக்கூடத்தில் படிக்கிற மாதிரி சத்தமாக. படித்துவிட்டுத் திரும்பினாள்.

"ஏம்மா, அப்பா பசியிலயா செத்தாரு? நம்ம ஊட்ல சோறே இல்லியா?"

அண்ணி கையில் இருந்த பையைக் கீழே வைத்தாள். முந்தானையை விரித்து அந்த எழுத்துகளின்மேல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இப்போது முகம் மட்டும் தெரிந்தது. "படிம்மா" என்றாள் என்னைப் பார்த்து. "அந்தப் பேப்பர்ல வந்தத படி."

என் கையில் பேப்பர் இல்லை. வேண்டியதும் இல்லை. சொன்னேன். அன்று காலை வீட்டில் வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டுத் தறியில் உட்கார்ந்தார்.

பெண் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். "இன்னா சாப்ட்டாரு?"

"பழைய சோறும் வேர்க்கடல தொவையலும்" என்றாள் அண்ணி. முந்தானையை விடாமல் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்ட்டாரு."